கயிற்றின் மறுமுனை

கதை எழுதுகிறவனுக்குச் சில சௌகரியங்கள் உண்டு. அவனுடைய கதாநாயகன் மலையிலிருந்து உருண்டால் வழியில் ஒரு மரக்கிளை தயாராக நீட்டிக்கொண்டிருக்கும். பாதாளத்தில் விழுந்தால் மேலேயிருந்து ஒரு கயிறு இறங்கி வரும். கயிற்றைப் பிடித்திருப்பவன் எத்தனை நோஞ்சானாக இருந்தாலும் சிநேகத்தின் பலத்தால் கதாநாயகனைத் தூக்கிவிடுவான். நானே ஒரு தொடர்கதையில் அப்படிச் செய்திருக்கிறேன். பனிமலைப் பிளவில் விழுந்த ஒருவனை அவனுடைய தோழன் தன்னந்தனியாக, வெறும் கையால், மேலே இழுத்துப் போடுவான். அந்த அத்தியாயத்துக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. எல்லாம் பாராட்டுத்தான்.

ஒருத்தி மட்டும் சிரித்தாள். என் தமக்கையின் பெண். ஜெனிவாவில் உத்தியோகம் பார்க்கிறாள். லீவு கிடைத்தால் மலை ஏறப் போய்விடுவாள்.

"மாமா, அந்த ஆளை உங்க தோழன் தூக்கியிருக்கவே முடியாது. இவனும் கூடவே உள்ளே போயிருப்பான். உங்க தொடர்கதை அந்த வாரத்தோட முடிஞ்சிருக்கும்" என்று டெலிபோனில் சொன்னாள்.

எழுத்தாளனுக்கு ரோஷம் வராமல் இருக்குமா? ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டே வருஷம் கல்லூரியில் படித்த பௌதிகம் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை.

2023ஆம் வருஷம் ஜூன் மாதம் அவளைப் பார்த்துவரப் போனேன். புறப்படும்போது தமக்கை என்னைத் தனியே அழைத்து, "அவ அங்கே மலை மலைன்னு என்ன கூத்தடிக்கிறாள்னு பார்த்து, நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு வா. நீ சொன்னாக் கேட்பா" என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவள் சொன்னாள்: "இந்தச் சனி, ஞாயிறு ஷமோனியிலே பனியாற்று நடைக்கும் பிளவிலே விழுந்தவங்களைத் தூக்கறதுக்கும் பயிற்சி. உங்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டிட்டேன் மாமா."

ஷமோனி பிரான்ஸ் தேசத்தில், மோன் பிளான் சிகரத்தின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். ஜெனிவாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். அங்கிருந்து பல்சக்கர ரயில் ஒன்று 1909ஆம் வருஷம் முதல் மோன்தான்வேர் என்ற இடத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. இறங்கியதும் கீழே தெரிவது "பனிக்கடல்" என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்திருக்கும் பனியாறு. பெயரைக் கேட்டு எட்டிப் பார்த்தவனுக்கு ஏமாற்றந்தான். பள்ளத்தாக்கின் அடியில் மண்ணும் கல்லும் மூடிய சாம்பல் நிறப் பட்டை ஒன்று தெரிந்தது. அதை அடைய ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் இறங்கினோம். பனி எந்த வருஷத்தில் எந்த உயரம் வரையில் இருந்தது என்று வழியில் பலகைகள் வைத்திருக்கிறார்கள். 1990 என்ற பலகையைத் தாண்டி முழங்கால் நோக இறங்கிக்கொண்டே இருந்தபோது, உலகம் சூடாகி வருகிறது என்று பத்திரிகையில் படித்ததெல்லாம் என் காலுக்குப் புரிந்தது.

பனியாறு என்றால் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் உறைந்து நின்றது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மலைமேல் விழுந்த பனி வருஷக் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி, கல்லாக இறுகி, தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல் சரிவில் மெல்ல இறங்குகிறது. அடியில் இருக்கும் பனி அழுத்தத்தினால் வளைந்து கொடுக்கும். மேலே முப்பது நாற்பது மீட்டர் கனத்துக்கு அந்தக் குணம் கிடையாது. அது கண்ணாடி மாதிரி வெடிக்கும். தரை திடீரென்று சரிகிற இடத்திலும், ஆறு திரும்புகிற இடத்திலும் அப்படி வெடித்து வாய் பிளக்கிறது.

எங்கள் வழிகாட்டி ஐம்பதைத் தாண்டிய மனிதர். அதிகம் பேசமாட்டார். அவர் பிரெஞ்சில் சொல்வதை மருமகள் எனக்குத் தமிழில் சொல்வாள். "வெயில் காலத்திலே கீழே இருக்கிற இந்தப் பனி நாணயமானது. பிளவு இருந்தா வாயைத் திறந்து காட்டும். நாளைக்கு மேலே போறோமே, அது அப்படி இல்லை. புதுப் பனி விழுந்து பிளவை மூடியிருக்கும். நடக்கிறவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை."

கிணற்றின்மேல் பாயை விரித்து மூடியது போல என்று நினைத்துக்கொண்டேன். உடனே அந்த நினைப்பை ஒதுக்கவும் செய்தேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் பாடம் நடப்பதுதான். நாற்பத்தேழு வயதில் நடை பழகுவது ஒரு விசேஷமான அனுபவம். பூட்ஸுக்கு அடியில் முள் வைத்த இரும்புச் சட்டத்தை வாரால் இறுக்கிக் கட்டினார்கள். குதிகாலை முதலில் வைக்கக் கூடாது. பாதத்தைப் பலகை போல் வைத்து, எல்லா முள்ளும் ஒரே சமயத்தில் பனியில் இறங்கும்படி மிதிக்க வேண்டும். கால்களைச் சற்று அகட்டி வைக்காவிட்டால் ஒரு காலின் முள் மறு காலின் கால்சட்டையில் மாட்டி, ஆள் குப்புற விழுவான். நான் இரண்டு தடவை விழுந்தேன். பிறகு பனியில் திருகாணியை முடுக்கி அதில் ஆளைத் தொங்கவிடக் கற்றுக்கொடுத்தார். விரல் பருமனைவிடச் சற்றுப் பெரிய ஓட்டைக் குழாய் ஒன்று, முழு மனிதனின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு ஒரு முடிச்சு. ஆஸ்திரியாக்காரரான கார்ல் புரூசிக் என்பவர் 1931ஆம் வருஷம் அதைப் பற்றி எழுதினார். அவர் பெயரே முடிச்சுக்கு நிலைத்துவிட்டது. மெல்லிய கயிற்று வளையம் ஒன்றைப் பெரிய கயிற்றின்மேல் மூன்று சுற்றுச் சுற்றித் தன்னுள்ளேயே நுழைத்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான். சும்மா இருக்கும்போது கையால் தள்ளினால் நகரும். பாரம் விழுந்தால் பிடித்துக்கொள்ளும். இப்படி இரண்டு வளையம் போட்டு, ஒன்றை இடுப்பு வாரிலும் மற்றதைக் காலிலும் மாட்டிக்கொண்டால், பிளவில் தொங்குகிறவன் மாற்றி மாற்றித் தள்ளித் தானே மேலே ஏறிவிடலாம். 1913ஆம் வருஷம் ஜனவரியில் அண்டார்டிகாவில் டக்ளஸ் மாஸன் தனியாக ஒரு பிளவில் விழுந்தபோது இந்த முடிச்சு கிடையாது. கூட வந்த இருவரும் இறந்துபோயிருந்தார்கள். பிளவின் விளிம்பில் தங்கி நின்ற சறுக்கு வண்டியிலிருந்து கயிற்றில் தொங்கினார். கயிற்றில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த சாதாரண முடிச்சுகளைப் பற்றி ஏறினார். விளிம்பு உடைந்து மறுபடி விழுந்தார். மறுபடியும் ஏறினார். பிழைத்ததும் அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? இருந்த கயிற்றில் ஓர் ஏணி முடைந்து வைத்துக்கொண்டார். அடுத்த தடவை விழுவோம் என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே நடந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்றிரவு விடுதியில் சூப்பு குடித்துக்கொண்டிருக்கும்போது வழிகாட்டி அந்த ஊர்க் கதை ஒன்று சொன்னார். 1820ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஹாமெல் என்ற டாக்டர் மோன் பிளான் மேல் ஏறினார். பனி சரிந்து மூன்று வழிகாட்டிகளைப் பிளவுக்குள் தள்ளிவிட்டது. அவர்களை எடுக்க முடியவில்லை. அந்த விபத்துக்கு அடுத்த வருஷந்தான் ஷமோனி வழிகாட்டிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பனியாற்றின் வேகத்தை அளந்து ஆராய்ந்த ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, ஏறக்குறைய 40 வருஷத்தில் அந்த உடல்கள் கீழே வந்து சேரும் என்று கணித்தார். 1861ஆம் வருஷம் பொஸோன் பனியாற்றின் கால்மாட்டில் எலும்புகளும் துணிகளும் வெளிவந்தன. 41 வருஷம்! அன்று கூடப் போய்த் தப்பித்து வந்தவர்களில் ஒருவர், கிழவராக, அவற்றைப் பார்த்து அடையாளம் சொல்ல உயிரோடிருந்தார்.

மருமகள் இதை எனக்குத் தமிழில் சொல்லி முடித்ததும் நான் எழுந்து படுக்கப் போய்விட்டேன். தூக்கம் வரவில்லை. எனக்குள்ளேயும் ஒன்று 35 வருஷமாக இறங்கிக்கொண்டிருந்தது. அது அன்றைக்குக் கீழே வந்து சேர்ந்துவிட்டது.

எனக்குப் பன்னிரண்டு வயது. கோடை விடுமுறை. எங்கள் வீட்டுக் கிணற்றில் பித்தளைக் குடம் விழுந்துவிட்டது. பாதாளக் கரண்டியை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். என் சிநேகிதன் கெட்டிக்காரன். "நான் இறங்கி எடுக்கறேன், நீ கயிற்றைப் பிடிச்சுக்கோ" என்றான். தாம்புக்கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு, கயிற்றை ராட்டினத்தில் மாட்டி, மறு நுனியை என்னிடம் கொடுத்தான். சுவரின் கல் இடுக்குகளில் கால் வைத்து இறங்கினான். பாதி ஆழத்தில் கால் வழுக்கிவிட்டது. கயிறு என் உள்ளங்கையில் நெருப்பாக ஓடியது. விட்டுவிட்டேன். கோடையாதலால் கிணற்றில் முழங்கால் தண்ணீர்தான். அவனுடைய வலது கால் முறிந்தது. வைத்துக் கட்டினார்கள், சரியாகக் கூடவில்லை. இன்றுவரை விந்தி விந்தித்தான் நடக்கிறான்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "கயிறு நழுவிடுச்சு" என்று எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். நழுவியது என்பதற்கும் விட்டுவிட்டேன் என்பதற்கும் எத்தனை தூரம் என்பது எனக்கு மட்டுந்தான் தெரியும். தொடர்கதையில் அந்தத் தோழன் ஏன் வெறும் கையால் தூக்கினான் என்பதும் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மறுநாள் அதிகாலையில் கம்பி வண்டி எங்களை 3,842 மீட்டர் உயரமுள்ள எகுயி து மிதி முனைக்குக் கொண்டுபோயிற்று. அங்கிருந்து கத்தி முனை போன்ற ஒரு பனி வரப்பில் இறங்க வேண்டும். இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் ஷமோனி ஊரே காலடியில் கிடக்கிறது. நான் எட்டிப் பார்க்கவில்லை. கீழே வெள்ளைப் பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. அழகு என்று சொன்னால் போதாது. அந்த அழகின் அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு வழிகாட்டி ஒரே ஒரு பெயரைச் சொன்னார்: லூயி லாஷெனால். 1950ஆம் வருஷம் அன்னபூர்ணா சிகரத்தில், மனிதர் ஏறிய முதல் எண்ணாயிரம் மீட்டர் சிகரத்தில், கால் வைத்த இருவரில் ஒருவர். ஷமோனி வழிகாட்டி. இந்தப் பள்ளத்தாக்கு அவருக்கு வீட்டு முற்றம். 1955ஆம் வருஷம் நவம்பர் மாதம் இங்கே பனிச்சறுக்கில் வரும்போது, மூடியிருந்த பிளவு ஒன்றில் விழுந்து இறந்தார்.

"இரவு குளிர்லே பனிப்பாலம் இறுகியிருக்கும். மத்தியானம் இளகிடும். அதனாலே விடியறதுக்கு முன்னே புறப்படணும். ஆனா எந்த நேரத்திலேயும் கயிறு வேணும்" என்றார்.

மூன்று பேராக ஒரு கயிற்றில் கட்டிக்கொண்டோம். முன்னால் மருமகள், நடுவில் நான், கடைசியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே சுமார் 12 மீட்டர். கயிறு விறைப்பாகவும் இருக்கக் கூடாது, தொய்யவும் கூடாது. நடுவில் லேசாகப் பனியைத் தொட்டுக்கொண்டு வர வேண்டும். தொய்ந்தால், விழுகிறவன் வேகம் பிடித்துவிடுவான். அந்த வேகமெல்லாம் அடுத்தவன் தலையில் விடியும். பிளவின் போக்கிலேயே வரிசையாக நடக்கக் கூடாது. மூன்று பேரும் ஒரே பிளவின்மேல் நிற்க நேரிடும். குறுக்காகத்தான் கடக்க வேண்டும். மனிதர்கள் சேர்ந்து வாழ்வதற்குப் பெரியவர்கள் எத்தனையோ இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு பரீட்சை வந்தது. திறந்திருந்த ஒரு பிளவுக்குள் மருமகள் குதிக்க வேண்டும். நான் தாங்க வேண்டும். ஆபத்து ஒன்றும் இல்லை. வழிகாட்டி அவளை வேறொரு கயிற்றிலும் கட்டி, தனியாக நங்கூரம் போட்டிருந்தார். இருந்தாலும் நான், "வேறே யாராவது நடுவிலே நிற்கட்டுமே" என்றேன்.

"நீங்களே நில்லுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவள் குதித்துவிட்டாள்.

இடுப்பில் ஓர் இழுப்பு. குப்புற விழுந்தேன். பனியில் இரண்டு முழம் இழுபட்டேன். சொல்லிக்கொடுத்தபடி கோடரியின் அலகை மார்புக்கு அடியில் வைத்து அழுத்தி, முழங்காலையும் கால் நுனியையும் ஊன்றினேன். நின்றுவிட்டது! கயிறு விறைத்து நின்றது. அதன் மறுமுனையில் என் தமக்கையின் பெண் தொங்கிக்கொண்டிருந்தாள்.

எழுந்து விளிம்புக்கு ஓடிப் பார்க்க வேண்டும் என்று மனசு பறந்தது. அதுதான் செய்யக் கூடாத காரியம். விளிம்புக்கு ஓடுகிறவன் இரண்டாவதாக விழுகிறவன். பாசம் உள்ளவனுக்குப் பனியாற்றில் கொடுக்கிற முதல் உத்தரவு, "அசையாமல் கிட" என்பதுதான். முகத்தைப் பனியில் வைத்துக்கொண்டு கிடந்தேன். ஆசிரியை என் அருகில் வந்து வேலையை ஆரம்பித்தாள். இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் பனியில் ஒரு பள்ளம் வெட்டினாள். தன் கோடரியைப் படுக்கை வசத்தில் அதில் புதைத்தாள். அதன் நடுவில் கட்டிய வார் வெளியே வர ஒரு சிறு வாய்க்கால் வெட்டினாள். மூடி மிதித்தாள். அந்த வாரையும் எங்கள் கயிற்றையும் புரூசிக் முடிச்சால் பிணைத்தாள். எத்தனை நிமிஷமோ, எனக்குத் தெரியாது. என் இடுப்பில் இருந்த பாரம் மெல்ல மெல்லக் குறைந்தது.

வழிகாட்டி என் தோளைத் தொட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "கோடரி தாங்குகிறது. இனி நீங்கள் விடலாம்."

நான் விடவில்லை. அவர் இரண்டாம் தடவை சொன்னார். மூன்றாம் தடவை குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கோடரிக் காம்பிலிருந்து பிரித்தார்.

அப்புறம் தூக்குகிற வேலை. ஆசிரியை தானும் கயிற்றில் கட்டிக்கொண்டு விளிம்புக்குத் தவழ்ந்து போய், அவளோடு பேசிவிட்டு, கயிறு பனியை அறுத்துக்கொண்டு உள்ளே புதையாதபடி விளிம்பில் ஒரு கோடரிக் காம்பைச் செருகினாள். கயிற்றைக் கப்பி வழியாக முன்னும் பின்னும் மடக்கிப் போட்டார்கள். மூன்று மீட்டர் இழுத்தால் அவள் ஒரு மீட்டர் ஏறுவாள். பாரம் மூன்றில் ஒரு பங்கு. இது காகிதத்துக் கணக்கு. உராய்வு தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கும். ஒவ்வொரு தடவை இழுத்துவிட்டு நாங்கள் மூச்சு வாங்கும்போதும் கயிறு திரும்ப ஓடாதபடி இன்னொரு முடிச்சு பிடித்துக்கொண்டது. தேர் இழுக்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவனை நினைத்துக்கொண்டேன். வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். தேர் பின்னால் உருளாமல் இருப்பது அவனால்.

தலைமயிரெல்லாம் பனியாக அவள் மேலே வந்தாள். "என்ன மாமா, இவ்வளவு நேரம்?" என்றாள்.

திரும்பும் வழியில்தான் அவளிடம் கிணற்றுக் கதையைச் சொன்னேன். நழுவிற்று என்று சொல்லவில்லை. விட்டுவிட்டேன் என்று சொன்னேன். முதல் தடவையாக.

அவள் சமாதானம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வழிகாட்டியிடம் கேட்பது போலவே கேட்டாள்: "ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டிருந்ததா?"

"போட்டிருந்தது."

"அப்போ உராய்வே இல்லை. இன்னிக்கு நீங்க தாங்கினது எப்படித் தெரியுமா? பாதிப் பாரத்தைப் பனி விளிம்பு வாங்கிட்டது. மீதியை உங்க உடம்பும் கோடரியும் தாங்கினது. கை இல்லை. அங்கே முழுப் பாரமும் பன்னிரண்டு வயசுப் பையன் கையிலே. யாராலும் முடியாது மாமா. 1953லே கும்பு பனியருவியிலே ஹில்லரி பிளவுக்குள்ளே விழுந்தாரே, டென்சிங் அவரைக் கையாலேயா பிடிச்சார்? கோடரியைப் பனியிலே குத்தி, கயிற்றை அதிலே சுற்றிட்டார். கிணற்றுப் பக்கத்திலே தூண் இல்லையா?"

இருந்தது. ராட்டினம் தொங்கிய கல்தூண். கைக்கெட்டும் தூரத்தில். அதில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தால் ஒரு குழந்தைகூட அவனைத் தாங்கியிருக்கும். என்னிடம் இல்லாமல் போனது தைரியம் என்று 35 வருஷமாக நினைத்திருந்தேன். இல்லாமல் போனது மூன்று சுற்று.

ஊர் திரும்பியதும் தமக்கை கேட்டாள், புத்தி சொன்னாயா என்று. "உன் பெண் கயிறு கட்டாமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டாள். விழுந்தால் தூக்கத் தெரிந்தவர்களோடுதான் போகிறாள். அதற்கு மேல் மலையிடம் யாரும் உத்தரவாதம் வாங்க முடியாது" என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை. உண்மையைச் சொன்னேன் என்ற திருப்தி எனக்கு இருந்தது.

பிறகு கிராமத்துக்குப் போனேன். சிநேகிதன் அங்கே சின்னக் கடை வைத்திருக்கிறான். உத்தரத்தில் கட்டிய கயிறு ஒன்று தலைக்கு மேல் தொங்கும். அதைப் பிடித்துத்தான் மேடையிலிருந்து எழுந்திருப்பான். காப்பி வரவழைத்தான். வியாபாரம் ஓய்ந்த நேரம் பார்த்து, "அன்னிக்குக் கயிறு நழுவலை. நான் விட்டுட்டேன்" என்றேன்.

அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "எனக்குத் தெரியாதா? கயிறு முழுக்க என் தலைமேலேதானே வந்து விழுந்தது. நீ மேலே நின்னு அழுததும் கேட்டது. இதையா இத்தனை வருஷமாச் சுமந்துக்கிட்டிருந்தே?"

எனக்குப் பேச்சு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து மருமகள் கொடுத்திருந்த சிறு கயிற்று வளையத்தை எடுத்தேன். அவனுடைய கயிற்றின்மேல் மூன்று சுற்றுச் சுற்றி, உள்ளே நுழைத்து இழுத்தேன். மேலே தள்ளிக் காட்டினேன், நகர்ந்தது. "இப்போ பிடிச்சு எழுந்திரு" என்றேன்.

சந்தேகத்தோடு என்னை ஒரு தடவை பார்த்தான். வளையத்தில் கையைக் கொடுத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு எழுந்து நின்றான்.

"அட, பிடிக்குதே!" என்றான்.